ஜாவர் வில்லன் என்றால் தெனார்தியேயை என்னவென்று சொல்வது?

பிப்ரவரி 3: ஒரு வாசகரின் கேள்வி

பழைய நாவல்களில் மறக்கவே முடியாத வில்லன் யார்? என் ஓட்டு விக்டர் ஹியூகோவின் 'லே மிஸெராப்ளே' நாவலில் வரும் இன்ஸ்பெக்டர் ஜாவருக்கு. ஒரு ரொட்டித் திருடனை ஆயுசு முழுக்கத் துரத்துகிறவனை விடக் கொடியவன் உண்டா? ஹீரோ ழான் வால்ழான், வில்லன் ஜாவர். இதில் மாற்றுக் கருத்து இருக்காது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 3, இரவு

இருக்கிறது. ரொட்டிக்காக ஜாவர் யாரையும் துரத்தவில்லை. கதையைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். விவரம் நாளைக்கு, இப்போது கரண்ட் போய்ப் போய் வருகிறது.

பிப்ரவரி 4, காலை

ரொட்டி திருடியது 1795-ல். அதற்கு ஐந்து வருஷம். தப்பிக்கப் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் தண்டனை கூடிக்கூடி மொத்தம் 19 வருஷம் தூலோன் துறைமுகத்தில் சங்கிலியோடு கிடந்து, 1815-ல் வெளியே வருகிறான். அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது. அடுத்து ஆயர் மிரியேல் வீட்டில் தங்கித் திருடிய வெள்ளிச் சாமான்? போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியபோது "நான்தானே கொடுத்தேன், மெழுகுவத்தித் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய்" என்று அவரே சொல்லிவிட்டார். சொத்துக்காரரே புகார் இல்லை என்கிறார், வழக்கு ஏது?

வழக்கு அதற்கு அப்புறம் வருகிறது. ஆயர் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்கே, வெட்டவெளியில், ழெர்வே என்கிற சின்னப் பையனின் 40 சூ நாணயம் உருண்டு வந்து வால்ழான் காலடியில் நிற்கிறது. அதன் மேல் காலை வைத்துக்கொண்டு எடுக்க மாட்டேன் என்கிறான். பையன் அழுதுகொண்டே ஓடுகிறான். பிறகு புத்தி வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடி அலைகிறான். பையன் கிடைக்கவில்லை.

சட்டப்படி அது வழிப்பறி. ஏற்கெனவே தண்டனை பெற்றவன் திரும்பச் செய்த குற்றம் என்பதால் ஆயுள் வரைக்கும் போகும். அதைத்தான் ஜாவர் பிடித்துக்கொண்டிருக்கிறான். நான் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கட்டு என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் நம்பர் போட்டு உள்ளே அனுப்பியிருப்பேன்.

ஹியூகோ இதை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறார் பாருங்கள். ஆயரின் மன்னிப்பைச் சாப்பிட்டு ஜீரணமாவதற்குள் ஹீரோவை ஒரு குழந்தையிடம் திருட வைக்கிறார். சினிமாக்காரர்கள் பாதிப் பேர் இந்த இடத்தை வெட்டி விடுகிறார்கள். வெட்டினால் ஜாவர் பைத்தியக்காரனாகத்தான் தெரிவான்.

பிப்ரவரி 4, மதியம்

கொசுறு. தெனார்தியே என்ற முன்னாள் சத்திரக்காரனின் கும்பல் வால்ழானைக் கட்டிப்போட்டுப் பணம் பறிக்கும் இடம். போலீஸ் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஜன்னல் வழியாக யார் முதலில் இறங்குவது என்று திருடர்களுக்குள் தகராறு. பெயரை எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கலாம் என்று ஒருவன் சொல்ல, வாசலில் நிற்கும் ஜாவர் தன் தொப்பியை நீட்டி "என் தொப்பி வேணுமா?" என்கிறான். எல்லாரையும் பிடித்த பிறகு பார்த்தால், கட்டிப்போட்டிருந்த ஆளைக் காணோம். "அடடா, இருந்ததிலேயே பெரிய மீன் அவன்தான் போல" என்கிறான்.

ஆக, கொள்ளையர்களிடமிருந்து வால்ழானைக் காப்பாற்றியதே ஜாவர்தான், யாரைக் காப்பாற்றினோம் என்று தெரியாமல். வில்லன் செய்கிற வேலையா இது?

பிப்ரவரி 6

தமிழ்நாட்டில் ஜாவருக்கு வில்லன் முத்திரை விழுந்ததற்கு ஒரு காரணம் சினிமா. சுத்தானந்த பாரதியார் நாவலை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். அது 1950-ல் பட்சிராஜா ஸ்டூடியோ தயாரிப்பாக, கே. ராம்நாத் இயக்கத்தில் படமானது. வால்ழான் இடத்தில் நாகையா. அந்த முகத்தைப் பார்த்தாலே கும்பிடத் தோன்றும். அவரைத் துரத்துகிறவன் எவனாக இருந்தாலும் ஜனங்களுக்குப் பாவிதான்.

துரத்தியவர் சீதாராமன். அந்த ஒரு வேஷத்தால் சாகும்வரை 'ஜாவர்' சீதாராமன் ஆகிவிட்டார். நாகையாவுக்குப் பாத்திரத்தின் பெயர் ஒட்டவில்லை, இவருக்கு ஒட்டியது. எங்கள் வீட்டில் அப்பா, ஹியூகோ பெயரே தெரியாதவர், கணக்கு வாத்தியாரை "ஜாவர் வர்றான்" என்றுதான் சொல்வார்.

சீதாராமன் நல்ல எழுத்தாளரும் கூட. 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தின் திரைக்கதை அவருடையது. அதில் துப்பு துலக்கும் அதிகாரியும் அவரே. உருட்டி மிரட்டாமல், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போவார். ஜாவரின் வாசனை அதிலும் கொஞ்சம் இருப்பதாக எனக்குப் படும். என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 7

நேற்று எழுதியதில் சொல்ல வந்தது விட்டுப்போனது. ஜாவர் மாதிரி ஆளை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் கோர்ட்டில் ஒரு அமீனா இருந்தார். ஊர் பேர் வேண்டாம். ஜப்திக்குப் போகிற வேலை. வேண்டியவர் வீடாக இருந்தால் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதித் திருப்புவது ஊரறிந்த ரகசியம். அதற்கு ஒரு ரேட்டும் உண்டு. இவர் அந்த வார்த்தையை உண்மையாகவே வீடு பூட்டியிருந்தால்தான் எழுதுவார். சொந்த மச்சான் வீட்டுக்கே வாரண்டோடு போய்ச் சைக்கிள், டிரான்சிஸ்டர், மர பீரோ எல்லாவற்றையும் லிஸ்ட் எடுத்தார். அக்கா வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அவர் லிஸ்டில் கையெழுத்துக் கேட்டார்.

இதே ஆள், சமையல் பாத்திரத்தை ஜப்தி பண்ணச் சட்டம் இடம் கொடுக்காது என்பதால், டிக்ரிதாரர், அதாவது கடன் கொடுத்து வழக்கில் ஜெயித்தவர், பித்தளை அண்டாவைக் காட்டி "அதையும் எடு" என்று குதித்தபோது சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவை நடுத்தெருவில் நின்று ஒப்பித்தார். பாய் படுக்கையைத் தொட விடவில்லை. மிக்ஸி விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டார். பாத்திரமா, எந்திரமா? கடைசியில் எந்திரம் என்று எழுதி எடுத்துக்கொண்டு, அம்மியைக் காட்டி "அது இருக்கட்டும்" என்றார். அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆபீசுக்குத் தாமதமாக வந்தால் யாரும் கேட்காமலே அரைநாள் லீவு எழுதிக் கொடுப்பார். நாங்கள் சிரிப்போம். ஜாவர் மேயர் மதலேனிடம் வந்து நிற்கும் இடத்தைப் பிற்பாடு படித்தபோது இவர்தான் நினைவுக்கு வந்தார். மேயரைப் பழைய கைதி என்று தவறாகச் சந்தேகித்து மேலிடத்துக்கு எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஜாவர் வருகிறான். ராஜினாமா போதாது, அது கௌரவமானது, என்னை விரட்ட வேண்டும் என்கிறான். பிறரிடம் கடுமையாக இருந்தவன் தன்னிடம் மட்டும் சலுகை காட்டினால் அயோக்கியனாகிவிடுவேன் என்பது அவன் வாதம். இதில் வேடிக்கை, அவன் சந்தேகித்தது சரி. எதிரில் நிற்பது பெயரை மாற்றிக்கொண்டு மேயராகிவிட்ட வால்ழான்தான்.

பிப்ரவரி 9

கீழே ஒருவர் "நேர்மை நேர்மை என்று கொண்டாடுகிறீர்களே, ஃபாந்தீன் விஷயத்தில் அவன் என்ன செய்தான்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான அடி. ரெண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்காகத் தலைமுடியை விற்று, முன்பல் ரெண்டையும் விற்று, கடைசியில் தெருவுக்கு வந்தவள் ஃபாந்தீன். பனிக்காலத்தில் ஒரு பணக்கார வெட்டிப்பயல், பமாதபுவா என்று பெயர், சும்மா போகிறவளின் முதுகில் ஒரு பிடிப் பனியை அள்ளித் திணிக்கிறான். அவள் திரும்பி அவன் மேல் பாய்கிறாள். ஜாவர் அவளைப் பிடித்து உட்கார்ந்த இடத்திலேயே ஆறு மாதம் எழுதுகிறான். பமாதபுவாவை யாரும் கேட்கவில்லை, அவன் அதற்குள் நழுவிவிட்டான். மேயர் வந்து அவளை விடச் சொன்னபோது ஜாவர் காரணம் அடுக்குகிறான்: அவர் வாக்குரிமை உள்ளவர், பால்கனி வைத்த அந்த அழகான வீட்டின் சொந்தக்காரர்.

பால்கனி! அதுதான் மாட்டிக்கொள்ளும் இடம். ஜாவருடைய தராசு ஆள் பார்த்து எடை போடுகிறது. ஏழை சொன்னால் புகார், வீட்டுக்காரர் சொன்னால் சாட்சி. லஞ்சம் வாங்காதவன் பாரபட்சம் பார்க்காதவன் என்று நாமாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். எங்கள் அமீனா மச்சானையும் விடவில்லை என்று பெருமையாக எழுதினேன். மச்சான் கடன் கொடுத்தவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

இருந்தாலும் வில்லன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிறைக்குள் பிறந்தவன் ஜாவர். தாய் சீட்டு வைத்துக் குறி சொல்கிறவள், அவள் புருஷன் தண்டனைக் கைதி. தன் மாதிரிப் பிறந்தவர்களுக்குச் சமூகத்தில் ரெண்டே வாசல்தான் என்று சின்ன வயதிலேயே கணக்குப் போடுகிறான்: அதைத் தாக்கலாம், அல்லது காவல் காக்கலாம். ரெண்டிலும் உள்ளே விட மாட்டார்கள். காவலைத் தேர்ந்தெடுத்தான். பால்கனிக்காரரைப் பார்த்தால் அவன் தலை தாழ்வது அந்த வாசலில் நின்றே பழகியதால்தான்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

ஜாவருக்கு இருந்த ஒரே சுகம் பொடி. தன் வேலை தனக்கே திருப்தியாக இருந்தால் ஒரு சிட்டிகை போடுவான். மனித ஜாதியோடு அவனுக்கு இருந்த ஒட்டு அதுதான் என்று ஹியூகோ நக்கலாக எழுதியிருப்பார். பொடி போடுகிறவர்கள் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் கோபிக்க வேண்டாம்.

பிப்ரவரி 12

ஹீரோ பற்றி யாரும் பேசக் காணோம். எல்லாருக்கும் மெழுகுவத்தித் தண்டுதான் நினைவில் இருக்கிறது. நல்லவர் ஒருவர் வெள்ளியைக் கொடுத்தார், இவன் திருந்தினான் என்று. அது ஆயரின் பெருமை, வால்ழானுடையது இல்லை.

அவன் ஹீரோவாவது அர்ராஸ் ஊர்க் கோர்ட்டுக்குப் போகும் பயணத்தில். ஷாம்மத்தியே என்று யாரோ ஒரு கிழவன், ஆப்பிள் கொப்பு ஒன்றோடு பிடிபட்டவன். அவனே வால்ழான் என்று பழைய கைதிகள் சாட்சி சொல்கிறார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மேயருக்கு ஆயுசுக்கும் நிம்மதி. ஊரே அவர் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கிறது. நியாயமாகப் பார்த்தால்கூட, ஒரு கிழவனுக்காக ஒரு ஊரைக் கைவிடலாமா? ராத்திரி முழுக்க இப்படியும் அப்படியும் யோசித்துவிட்டு, முடிவு எடுக்காமலே வண்டியில் ஏறுகிறார். இதைக் கவனிக்க வேண்டும். முடிவு எடுக்கவில்லை, கிளம்பிவிட்டார், அவ்வளவுதான்.

வழியில் எஸ்தேன் என்ற ஊரில் பார்த்தால் சக்கரம் பழுது. தச்சன் நாளைக்குத்தான் ஆகும் என்கிறான். வேறு வண்டி கிடைக்குமா, குதிரை கிடைக்குமா என்று எல்லாம் கேட்கிறார். எதுவும் இல்லை. அவருக்கு உள்ளே அப்படி ஒரு சந்தோஷம். நான் முயற்சி செய்தேன், கடவுளே தடுத்துவிட்டார், இனி என் பொறுப்பு இல்லை! மூச்சு விட்டுக்கொள்கிறார். தெருவில் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பொடியன் ஓடிப்போய் ஒரு கிழவியைக் கூட்டி வருகிறான். "வண்டி வேணுமாமே? எங்கிட்ட ஒண்ணு கிடக்கு."

அவர் முதுகில் வேர்வை வழிகிறது.

ஓட்டை வண்டிதான். ஆனால் உருளும். போயாக வேண்டும். அவர் அர்ராஸ் போய்ச் சேர்ந்து, கூண்டில் நிற்கும் கிழவனைப் பார்த்து, எழுந்து நின்று "நான்தான்" என்கிறார். யாரும் நம்பவில்லை. மேயருக்கு மூளை கலங்கிவிட்டது, டாக்டரைக் கூப்பிடு என்கிறார்கள். பிறகு சாட்சி சொன்ன கைதியிடம், ஜெயிலில் நீ போட்டிருந்த கட்டம் போட்ட தோள்வார் நினைவிருக்கிறதா என்று கேட்டு, தான் யார் என்று தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஜூரியாக உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களில் பால்கனி வீட்டு பமாதபுவாவும் ஒருவர்.

கோர்ட்டில் இருந்த காலத்தில் குற்றத்தை மறுப்பதற்குச் சாட்சி தேடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 13

"அப்போ மான்டி கிறிஸ்டோ பிரபு?" என்று கேட்டவருக்கு: டூமா எழுதிய அந்த நாவல் வேறு கணக்கு. எட்மண்ட் டான்டேஸுக்கு 14 வருஷம் தீவுச் சிறை, அதற்கு மூன்று பேர் மேல் பழி வாங்கல். சுவாரசியத்தில் ஹியூகோவை டூமா சாப்பிட்டுவிடுவார். டான்டேஸ் ஆடிப்போகும் இடம், எதிரிகளில் ஒருவனான வில்ஃபோர் வீட்டில் சின்னப் பையன் செத்துக் கிடக்கும் இடம். அதற்கப்புறம் கடைசி எதிரியான டாங்லாரை உயிரோடு விட்டுவிடுகிறான். அதற்குள் ஒரு குழந்தை போய்விட்டது. அவனை ஹீரோ என்பதிலும் எனக்குத் தகராறு இருக்கிறது. தனி இழை போடுங்கள், வருகிறேன்.

பிப்ரவரி 15

தலைப்புக்கு வருவோம்.

தெனார்தியே. வாட்டர்லூ போர்க்களத்தில் ராத்திரி பிணங்களின் பையைத் துழாவியவன். துழாவும்போது குற்றுயிராகக் கிடந்த ஒரு கர்னல் பிணக்குவியலிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். தன்னைக் காப்பாற்றிய உத்தமன் என்று கர்னல் நினைத்துக்கொள்கிறார். கடிகாரமும் பணப்பையும் போனது அவருக்குத் தெரியாது. இவன் அதையே போர்டாக எழுதி, 'வாட்டர்லூ சார்ஜென்ட்' என்று சத்திரம் நடத்துகிறான். அந்தச் சத்திரத்தில்தான் ஃபாந்தீனின் மகள் கோசெத் சிக்குகிறாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, துணி இல்லை, மருந்து வேணும் என்று கடிதம் மேல் கடிதம் போட்டுத் தாயிடம் கறக்கிறான். அந்த முன்பல் ரெண்டும் இவன் எழுதிய கடிதத்துக்காகப் போனவை. வால்ழான் கடைசியில் 1,500 பிராங்க் கொடுத்துக் குழந்தையை மீட்கிறார். அதற்கும் பில் போட்டவன் இவன்.

பெற்ற பிள்ளைகளையாவது பார்த்தானா? கவ்ரோஷ் தெருவில் வளர்ந்து, பாஸ்டீல் சதுக்கத்தில் நின்ற யானைச் சிலைக்குள் தூங்கி, 1832 ஜூன் கலவரத்தில் தெருத் தடுப்பரண் பக்கம் குண்டடிபட்டுச் சாகிறான். எபோனீன் அதே தடுப்பரணில், கோசெத்தின் காதலன் மரியுஸுக்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு சாகிறாள். ரெண்டும் இவன் பிள்ளைகள்.

இவனுக்கு என்ன ஆனது? மரியுஸ் இவனை ஒழித்தால் போதும் என்று 20,000 பிராங்குக்கு நியூயார்க்கில் மாற்றும்படி உண்டியல் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறான். அங்கே போய் அந்த முதலில் அடிமை வியாபாரம் ஆரம்பிக்கிறான். ஹியூகோ ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஜாவர் ஆற்றில் பிணமாக, ஃபாந்தீன் பொதுக் குழியில், தெனார்தியே வியாபாரத்தில். படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த வரியில்தான் வயிறு எரியும்.

பிப்ரவரி 16

'பழுவேட்டரையரை மறந்துவிட்டீர்களே' என்று கல்கி ரசிகர் ஒருவர். மறக்கவில்லை, எழுதக் கை துறுதுறுத்தது. 64 விழுப்புண் பட்ட கிழவர். நந்தினி சொன்னதே வேதம். பிறகு கொள்ளிட வெள்ளத்தில் படகு கவிழ்ந்து, பாழடைந்த கோயிலில் ஒதுங்கி இருக்கும்போது சதிகாரர்கள் பேச்சைக் கேட்கிறார். அந்த ஒரு ராத்திரியில் அவருடைய உலகம் தலைகீழ். கடைசியில் தன் கையாலேயே உயிரை விடுகிறார். ஜாவரும் தண்ணீர் ஓரத்தில் ஒரு ராத்திரியில் உடைந்தவன்தான். வளையத் தெரியாத கிழங்களை ஒடிக்க ரெண்டு எழுத்தாளர்களும் ஆற்றைத்தான் தேடிப் போயிருக்கிறார்கள்.

வித்தியாசம் என்னவென்றால் பழுவேட்டரையர் ஏமாற்றப்பட்டவர். ஜாவரை யாரும் ஏமாற்றவில்லை. தடுப்பரணில் உளவாளி என்று பிடிபட்டவனைச் சுட வேண்டிய வால்ழான், கட்டை அறுத்து, போகச் சொல்லிவிட்டு, ஆகாயத்தில் சுடுகிறார். எதிரி நல்லவனாக இருக்கிறான். இதற்கு அவன் சட்டப் புத்தகத்தில் பிரிவு இல்லை.

பிப்ரவரி 18

விதோக் பற்றி யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். 1775-ல் பிறந்து 1857-ல் இறந்த நிஜ மனிதர். திருடராக ஜெயிலுக்குப் போய், தப்பித்து, பிறகு பாரிஸில் குற்றப் புலனாய்வுப் படையையே ஆரம்பித்து நடத்தியவர். பழைய கைதிகளை வைத்துக் காகிதத் தொழிற்சாலையும் போட்டார். வால்ழான், ஜாவர் ரெண்டு பேருக்குமே முன்மாதிரி இவர்தான் என்று சொல்வார்கள். ஒரே ஆளை ரெண்டாகக் கிழித்து ஒன்றை ஒன்று துரத்த விட்டிருக்கிறார் ஹியூகோ.

பிப்ரவரி 20

"ஜாவர் ஏன் செத்தான், சும்மா லீவு போட்டுவிட்டுப் போயிருக்கலாமே" என்று ஒருவர். சிரித்துவிட்டேன். அவன் சாவதற்கு முன்னால் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

வால்ழானைப் பிடித்தும் விட்டுவிட்டு, செய்ன் நதிக்கரையில் நின்று யோசித்துவிட்டு, நேராகப் பக்கத்துப் போலீஸ் அவுட்போஸ்டுக்குப் போகிறான். காகிதம், பேனா. இலாகா மேம்பாட்டுக்குச் சில யோசனைகள் என்று பத்து அம்சம் எழுதுகிறான். விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைச் சோதனை போடும்போது வெறுங்காலோடு கல்தரையில் நிறுத்துகிறார்கள், பலர் இருமிக்கொண்டே போகிறார்கள், ஆஸ்பத்திரிச் செலவு கூடுகிறது. ஒரு சிறையில் காசு கொடுத்தாலும் கைதிக்கு நாற்காலி கிடையாது, காரணம் புரியவில்லை. பார்க்க வந்தவர்களுக்காகக் கைதி பெயரைத் தெளிவாகக் கூப்பிட ஆள் ரெண்டு சூ வாங்குகிறான், இது திருட்டு. நெசவுக் கூடத்தில் ஒரு நூல் பிசகினால் கைதிக்குப் பத்து சூ பிடிக்கிறான் காண்ட்ராக்டர், துணி ஒன்றும் கெட்டுப்போவதில்லை, இது அநியாயம்.

கீழே கையெழுத்து, முதல் வகுப்பு இன்ஸ்பெக்டர். 1832 ஜூன் 7, விடியற்காலை சுமார் ஒரு மணி. ஈரம் ஒற்றி, மடித்து, முத்திரை வைத்து, நிர்வாகத்துக்கு என்று மேலே எழுதி மேஜையில் வைத்துவிட்டு, திரும்ப அதே இடத்துக்குப் போய், தொப்பியைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டுக் குதிக்கிறான்.

எத்தனை வருஷமாக அந்தக் கைதிகளின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்! பார்த்தது எல்லாம் உள்ளே சேர்ந்திருக்கிறது, சாகப் போகும்போதுதான் வெளியே வருகிறது, அதுவும் ஆபீஸ் குறிப்பாக. அவனுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். 9-ஆம் தேதி பால்கனியைப் பற்றி எழுதினேனே, அதையும் இந்தப் பத்து அம்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்த ஆளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிப்ரவரி 21

முழு நாவலும் படிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு. படியுங்கள். வாட்டர்லூ பகுதியை முதல் தடவை தாண்டலாம், ஆனால் கடைசி அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது, தெனார்தியே அதில்தான் வருகிறான். பாரிஸ் சாக்கடைகளின் சரித்திரம் ஐந்தாம் பாகத்தில் வருகிறது, மாநகராட்சி என்ஜினியர்கள் தவிர மற்றவர்கள் புரட்டிக்கொண்டு போகலாம். ஆரம்பத்தில் ஆயரைப் பற்றி ஏகப்பட்ட பக்கம், வால்ழான் தலையே காட்ட மாட்டான். அலுக்கும். ஆனால் அதில் ஆயர் ஒரு பழைய புரட்சிக்காரக் கிழவரைச் சாகும் தறுவாயில் பார்க்கப் போகும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். பாவ மன்னிப்புக் கொடுக்கப் போனவர் முழங்காலில் நின்று ஆசி கேட்டுவிட்டுத் திரும்புவார்.

மான்டி கிறிஸ்டோவுக்கு இன்னும் யாரும் இழை போடவில்லை.